தம்பூராவும் அணு உலையும்

சி.டி. பிளேயரின் கடைசிக் கட்டத்தை வீட்டிலேயே கட்டிக்கொள்கிறவர்கள் டிராம்பேயைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்

1956 ஆகஸ்ட் 4, பிற்பகல் 3.45 மணி. மும்பையின் கிழக்குக் கோடியில், டிராம்பேயில், இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா உயிர்பெற்றது. நியூட்ரான் கண்ணுக்குத் தெரியாது. உலை உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையெல்லாம் கட்டுப்பாட்டறையில் இருந்தவர்களுக்குச் சொன்னவை மீட்டர்களின் முட்கள்தாம்.

அந்த முள் எப்படி அசைகிறது? உலைக்குப் பக்கத்தில், உட்புறம் போரான் பூசிய ஒரு குடுவை. நியூட்ரான் போரானில் மோதினால் சிதறும் துகள்கள் குடுவைக்குள் இருக்கும் வாயுவை அயனியாக்குகின்றன. அதனால் மிக மெல்லிய மின்னோட்டம் ஒன்று பிறக்கிறது. ஆம்பியரில் கோடியில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் வெகு கீழே. அதை முள்ளை நகர்த்தக்கூடிய வோல்ட்டேஜாக மாற்ற வேண்டும். வழியில் அழுக்குச் சேரக் கூடாது. மாற்றும் சர்க்யூட் தவறாகச் சொன்னால் உலை வீணாக நிற்கும். அல்லது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது.

அப்சராவின் எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. அதைக் கட்டுப்படுத்திய எலெக்ட்ரானிக்ஸ், ஏ.எஸ். ராவ் தலைமையில் இங்கேயே உருவானது. அதே ராவ்தான் பிறகு 1967 ஏப்ரலில் ஹைதராபாத்தில் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனுக்கு வித்திட்டவர். விலை கொடுத்து வாங்கலாம் என்று இருந்த நாட்களிலும் அளவுக் கருவிகளை நாமே கட்ட வேண்டும் என்பதில் ஹோமி பாபா பிடிவாதமாக இருந்தார். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு வெளிநாட்டுக் கதவுகள் சாத்தப்பட்டபோது அந்தப் பிடிவாதத்தின் அருமை புரிந்தது. பாபா மேற்கத்திய சங்கீதத்தில் ஊறியவர் என்பதும் எல்லோரும் அறிந்ததே. எனவே அடுத்து வரும் விஷயம் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

சி.டி. பிளேயர் ஒன்றின் மூடியைத் திறந்தால், உள்ளே அப்சராவின் குடுவைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உட்கார்ந்திருக்கிறது.

1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சி.டி. பிளேயர்கள் விற்பனைக்கு வந்தன. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த கணக்கு இது: ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைப்பது. தட்டில் இருப்பது வெறும் எண்கள். அவற்றை மறுபடி ஒலியாக்க ஒரு சிப் தேவை. 1980களின் நடுவில் பிலிப்ஸ் கொண்டுவந்த டி.டி.ஏ.1541 என்ற 28 கால் சிப்பும், அதன் தம்பியான 1541ஏ-யும் இந்த வேலைக்குப் பேர்போனவை. உற்பத்தி நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் உலகம் முழுக்கச் சொந்தக் கையால் கட்டுகிறவர்கள் இன்றும் தேடுவது அதைத்தான்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: இந்த சிப் வெளியே அனுப்புவது வோல்ட்டேஜ் அல்ல, மின்னோட்டம். அதிகபட்சம் 4 மில்லி ஆம்பியர். அதை 65,536-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 61 நானோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் சுமார் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு. டிராம்பேயில் ஒரு தலைமுறை பொறியாளர்கள் தினமும் கையாண்ட அளவுகள்தாம் இவை. சின்ன மின்னோட்டத்தை அழுக்கில்லாமல் வோல்ட்டேஜாக்க வேண்டும் என்ற வேலையும் அதேதான். சி.டி. உலகில் இதற்கு அவுட்புட் ஸ்டேஜ் என்று பெயர். எண்ணிலிருந்து நாதத்துக்குப் போகும் பாதையில் இது கடைசிக் கட்டம். வீட்டு மேஜையில், சாதாரண சால்டரிங் அயர்னால் கட்டக்கூடிய கட்டமும் இது ஒன்றுதான். சிப்பை யாரும் வீட்டில் செய்ய முடியாது. அதற்கு அப்புறம் வரும் ஒன்றரை அங்குலத்தைச் செய்யலாம்.

இனி கட்டும் கதை.

மின்னோட்டத்தை வோல்ட்டேஜாக்க எளிய வழி, நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போடுவது. பள்ளிக்கூடத்து ஓம் விதி. ஆனால் 1541ஏ இதற்கு ஒத்துழைக்காது. அதன் வெளிவாயிலில் 25 மில்லி வோல்ட்டுக்கு மேல் ஏறினால் குழம்பிவிடும். வாய்க்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்ப்பதற்காக மடையை அடைத்தால், பின்னால் வயல் மூழ்கும். மடை திறந்தே இருக்க வேண்டும், தண்ணீரையும் அளக்க வேண்டும்.

இந்த வித்தையைச் செய்வது ஆப்-ஆம்ப். தன் வாசலை எப்போதும் பூஜ்ய வோல்ட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, வருகிற மின்னோட்டம் முழுவதையும் தனக்குக் குறுக்கே மாட்டிய ரெசிஸ்டர் வழியாகக் கடத்திவிடும். சிப்பைப் பொறுத்தவரை மடை திறந்திருக்கிறது. மறுபக்கத்தில் வோல்ட்டேஜ் தயார். ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம் என்றால், 4 மில்லி ஆம்பியருக்கு 6 வோல்ட் ஊசலாட்டம். சி.டி. பிளேயர்கள் வழக்கமாகக் கொடுக்கும் 2 வோல்ட் அளவுக்கு அது சரியாக வந்துவிடுகிறது. என்.இ.5532 என்ற எட்டுக் கால் ஆப்-ஆம்ப் ஒன்று, ரெசிஸ்டர் இரண்டு, கண்டென்சர் இரண்டு. இரண்டு சானலுக்கும் சேர்த்து அடிப்படைச் சர்க்யூட் அவ்வளவுதான்.

அந்தக் கண்டென்சர்கள் எதற்கு? சிப்பிலிருந்து வருவது வழுவழுப்பான அலை அல்ல, மாடிப்படி. ஒவ்வொரு படியின் விளிம்பும் செங்குத்து. அந்த விளிம்புகளில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வுகள் ஏராளம். ரெசிஸ்டருக்குக் குறுக்கே 2.2 நானோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றைப் போட்டால், ஏறக்குறைய 48 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பவை அடங்கத் தொடங்கும். ஆப்-ஆம்புக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

பிலிப்ஸ்காரர்கள் இந்த மாடிப்படிச் சிக்கலுக்கு முன்னாடியே ஒரு வழி கண்டார்கள். எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு இட்டு நிரப்பி, விநாடிக்கு 1,76,400 ஆக்கிவிடுவது. படிகள் சிறுத்துவிடும், எச்சில் அதிர்வுகள் 156 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே தள்ளிப்போகும், சாதாரண வடிகட்டியே போதும். இந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, மூல எண்களை நேரே சிப்புக்கு அனுப்புவதுதான் சுத்தம் என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுடைய கருவியில் 20 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 3 டெசிபல் மங்கும். எச்சில் அதிர்வுகளோ 24 கிலோ ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். இதை 'இதமான ஓசை' என்கிறார்கள். இதமாக இருக்கலாம். சுத்தம் என்று சொல்வதுதான் இடிக்கிறது.

சர்க்யூட் கட்டி முடித்த கை சும்மா இருக்குமா? அடுத்தது மேம்படுத்தும் ஆசை. பர்ஸ் இளைப்பதும் இங்கேதான்.

செம்பூரிலோ அணுசக்தி நகரிலோ இருக்கிற ஒருவருக்கு வழி தெரிந்ததுதான். குர்லா, தாதர் என்று மாறி, மேற்கு ரயிலில் கிராண்ட் ரோடு. இறங்கி நடந்தால் லேமிங்டன் ரோடு. மும்பை எலெக்ட்ரானிக்ஸின் பெரிய கடைத்தெரு. அவர் தேடுவது பெரும்பாலும் ஒன்றே: 5532-ஐ எடுத்துவிட்டு மாட்ட, அதைப்போலப் பத்து மடங்கு விலையுள்ள ஆப்-ஆம்ப். சாக்கெட்டில் மாட்டியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. அன்று ராத்திரி எல்லாம் புதிதாகக் கேட்கும். காசு கொடுத்தவர் காது அல்லவா?

டிராம்பே வழி வேறு. முதலில் அளப்பது, அப்புறம் மாற்றுவது. அளப்பதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு.

ஒரு படி 61 நானோ ஆம்பியர். 1.5 கிலோ ஓமில் அது 92 மைக்ரோ வோல்ட் ஆகிறது. நாம் காப்பாற்ற வேண்டிய மிகச் சிறிய அளவு இது. 5532 தானாக எழுப்பும் இரைச்சல், ரெசிஸ்டரின் இரைச்சலையும் சேர்த்துக்கொண்டாலும், ஒன்றிரண்டு மைக்ரோ வோல்ட். படியின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இதை இன்னும் பாதியாக்கப் பத்து மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. ஆனால் எர்த் கம்பியைத் தப்பான இடத்தில் இணைத்ததாலோ, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிச் சர்க்யூட்டை வைத்ததாலோ 1 மில்லி வோல்ட் 'ஹம்' நுழைந்துவிட்டால்? அது பதினோரு படி உயரம். பதினோரு படியைத் தண்ணீரில் மூழ்கவிட்டு, ஐம்பதில் ஒரு பங்கு படிக்குப் பாலிஷ் போடுவதுதான் பெரும்பாலான மேம்பாடுகளின் கதை.

சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. மாட்டுங்கா சண்முகானந்தா சபையில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்குத் தம்பூராவைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. ஜீவாளி நூல் சரியாக அமைந்த தம்பூராவில், மீட்டிய பிறகு நாதம் தேய்ந்துகொண்டே போகும்போதும் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகப் பூத்து மறையும். அந்தத் தேய்மானம் உச்ச அளவிலிருந்து 60 டெசிபல் கீழே வந்துவிட்டால், 65,536 படிகளில் அதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய 64. அதில் பதினோரு படியை ஹம் தின்றால் என்ன ஆகும்? தவில் கேட்கும், வயலின் கேட்கும். தம்பூரா ஏதோ ஒரு ரீங்காரமாக, பின்னால் திரைச்சீலை மாதிரி தொங்கும். 'சி.டி. ஓசையில் உயிர் இல்லை' என்று அலுத்துக்கொண்டவர்களில் சிலராவது குறைசொல்ல வேண்டியது சி.டி.யை அல்ல, எர்த் கம்பியை.

அந்த ஹம் பிறக்கிற ஊர் எது என்பது ஒரு வேடிக்கை. மும்பையின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு பங்கு 1956-லிருந்து டிராம்பேயில் இயங்கும் டாடா அனல் மின் நிலையத்தில் பிறக்கிறது. அப்சராவும் அதே வருஷம். ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், ஹம்மும் வந்தது, ஹம்மை ஒதுக்கிவிட்டு நானோ ஆம்பியரை அளக்கும் வித்தையும் வந்தது.

ஆகவே முதல் மேம்பாடு பவர் சப்ளை. ஆப்-ஆம்புக்கு பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் வேண்டும். 7815, 7915 என்ற மூன்று கால் ரெகுலேட்டர்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். தப்பு நடப்பது டிரான்ஸ்ஃபார்மரில். வீட்டில் ஏற்கெனவே கிடக்கிறதே என்று 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை மாட்டிவிடுகிறார்கள். அதன் உச்சம் 17 வோல்ட். டையோடு தன் பங்கை எடுத்துக்கொண்டால் 16.3. ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய 17 தேவை. விளைவு, விநாடிக்கு நூறு தடவை ரெகுலேட்டர் மூச்சுத் திணறும், ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று கேட்கும். பழி ஆப்-ஆம்ப் மீது விழும். 15-0-15 போட்டால் கையில் 20 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ராத்திரி லைன் வோல்ட்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினாலும் சமாளிக்கலாம். செலவில் பெரிய வித்தியாசமும் இல்லை.

இரண்டாவது எர்த். எல்லா எர்த் கம்பிகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். பவர் சப்ளை கண்டென்சர்களில் பாயும் முரட்டு மின்னோட்டமும், சங்கீதத்தின் மெல்லிய மின்னோட்டமும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. இதற்குக் காசே செலவில்லை, பொறுமைதான் செலவு. அதனாலேயே இது கடைசியில் செய்யப்படுகிறது.

மூன்றாவது, 1541ஏ-யைச் சுற்றிக் காவல் நிற்கும் பதினான்கு சின்னக் கண்டென்சர்கள். சிப்புக்குள் மின்னோட்டங்களைத் துல்லியமாகப் பங்கு பிரிக்கும் ஏற்பாட்டுக்கு இவை துணை. கால்களை நீளமாக விட்டுச் சால்டர் செய்தால் பாதி பலன் போய்விடும். சிப்பை ஒட்டி, குட்டையாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஆப்-ஆம்பை மாற்ற ஆசை இருந்தால் மாற்றலாம். கையில் ஆசிலாஸ்கோப் இருந்தால் மட்டும். வேகமான ஆப்-ஆம்பைப் பழைய போர்டில் மாட்டினால், அது சில சமயம் தானே மெகா ஹெர்ட்ஸ் கணக்கில் துடிக்க ஆரம்பிக்கும். காதுக்குக் கேட்காது. தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், ஓசையில் ஒரு கரகரப்பு இருக்கும். அந்தக் கரகரப்பை 'கூடுதல் விவரம்' என்று நினைத்து மெச்சிக்கொள்கிறவர்களும் உண்டு.

வால்வுக் கட்சிக்காரர்களையும் சொல்லாமல் விட முடியாது. ஆப்-ஆம்பே வேண்டாம், 12 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதில் வரும் 50 மில்லி வோல்ட்டை வால்வால் நூற்றுச் சொச்சம் மடங்கு பெருக்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். சிப்பின் எல்லைக்குள் அடங்கும், செய்யவும் முடியும். ஆரஞ்சு வெளிச்சம் அழகு. ஆனால் நூறு மடங்கு பெருக்கும்போது ஹம்மும் நூறு மடங்கு பெருகும். வால்வு தன் பங்குக்குக் கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கும். சர்க்கரை பிடித்தவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும், அது ருசி. அதைத் துல்லியம் என்று மட்டும் அழைக்க வேண்டாம்.

டிராம்பே, செம்பூர் பக்கம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு எதிரி காற்று. ஒரு பக்கம் கடல் ஈரம். மறுபக்கம் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை. கந்தகம் கலந்த ஈரக் காற்றில் வெள்ளியும் செம்பும் கறுக்கும். ஐ.சி. சாக்கெட்டின் கால்களும் அவுட்புட் பிளக்குகளும் இரண்டு மழைக்காலத்தில் மங்கிவிடலாம். ஓசை ஒரு சானலில் விட்டு விட்டு வந்தால், பாகம் வாங்க ரயில் ஏறுவதற்கு முன் பிளக்கைத் துடைத்துப் பார்ப்பது நல்லது. விலை உயர்ந்த வெள்ளிக் கம்பியைவிடத் தங்க முலாம் பூசிய சாதாரண பிளக் இந்த ஊருக்குப் பொருத்தம்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று கட்டைவிரல் அளவுள்ள அடாப்டருக்குள் சிப்பும் அவுட்புட் ஸ்டேஜும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. அளந்து பார்த்தால் அவற்றில் பல, 1980களின் பெரிய பெட்டிகளைத் தோற்கடிக்கும். துல்லியம்தான் குறி என்றால் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆனால் 2020 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானின் நொபெயோகா நகரில் அசாஹி கசெய் கம்பெனியின் சிப் தொழிற்சாலை தீப்பற்றியது. ஒரே ஒரு தொழிற்சாலை. உலகின் ஆடியோ கம்பெனிகள் பல சிப் இல்லாமல் தவித்தன. மாடல்களை நிறுத்தின, போர்டுகளைப் புதிதாக வரைந்தன. எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கிய கருவியில், சிப் கிடைக்காத நாளில் செய்ய ஒன்றும் இல்லை. கட்டங்கள் தனித்தனியாக உள்ள கருவியில், ஒரு கட்டம் செத்தால் அதை மட்டும் மாற்றலாம். 1985-இல் வாங்கிய பிளேயரின் அவுட்புட் கண்டென்சர் காய்ந்துவிட்டது என்றால், புதியதற்குச் சில ரூபாய். அப்சரா 2009-இல் நிறுத்தப்படும் வரை அரை நூற்றாண்டு ஓடியது. திறந்து பார்க்கக்கூடிய, அளக்கக்கூடிய, மாற்றக்கூடிய கட்டங்களாக அதன் கருவிகள் இருந்திராவிட்டால் அது சாத்தியமா என்பது சந்தேகம். அந்த உலை போய், மேம்படுத்திய அப்சரா-யு 2018 செப்டம்பரில் அதே டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது.

பழைய 1541ஏ-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கையிருப்பு குறையக் குறையப் போலிகள் பெருகுகின்றன. வேறு சிப்பின் முகத்தைச் சுரண்டிப் புது எழுத்து அச்சடித்தது, காயலான் கடைப் போர்டிலிருந்து சூடு காட்டிப் பிடுங்கியது, எல்லாம் உலகச் சந்தையில் உலவுகின்றன. ஓடாத பழைய பிளேயரை முழுசாக வாங்கி அதிலிருந்து எடுப்பது இன்னமும் நம்பகமான வழி. முகத்தில் அசிட்டோன் தடவிப் பார்த்து எழுத்து அழிகிறதா என்று சோதிப்பது அடுத்த வழி.

கட்டி முடித்தாகிவிட்டது என்றால், ஆம்ப்ளிஃபயரில் செருகுவதற்கு முன் ஒரு காரியம் பாக்கி. சிப்பின் மின்னோட்டம் பூஜ்யத்துக்கும் 4 மில்லி ஆம்பியருக்கும் நடுவே ஊசலாடுவதால், மௌனமாக இருக்கும்போதும் 2 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். 1.5 கிலோ ஓமில் அது 3 வோல்ட் நேர்மின்சாரம். அதைத் தடுத்து நிறுத்தக் கடைசியில் 4.7 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்றும், அதற்கு அப்புறம் எர்த்துக்கு ஒரு ரெசிஸ்டரும் வேண்டும். இசைத்தட்டு இல்லாமல் பிளேயரை ஓடவிட்டு, இரண்டு சானலின் அவுட்புட்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஐந்து நிமிஷம் பொறுங்கள். முள் பூஜ்யத்தில் நின்றால் செருகலாம். 3 வோல்ட்டில் நின்றால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கண்டென்சரைப் பாருங்கள். ஸ்பீக்கர் தப்பித்தது.